ஒரே மாத்திரை, ஆளுக்கோர் அளவு: வார்ஃபரினும் நமது மரபணுவும்

மஸ்ஜித் தானா – இரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் மாத்திரையைச் சாப்பிடுகிறவர்கள் இரத்தச் சோதனைக்காகக் காத்திருக்கும்போது, "உங்களுக்கு எத்தனை மில்லிகிராம்?" என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொள்வதுண்டு. தமிழர் ஒருவர் ஆறு என்கிறார். பக்கத்து நாற்காலியில் இருக்கும் சீனப் பெரியவர் இரண்டு என்கிறார். இருவருக்கும் ஒரே நோய், ஏறக்குறைய ஒரே வயது, ஒரே எடை. அப்படியானால் ஆறு சாப்பிடுகிறவருக்கு நோய் முற்றிவிட்டதா? டாக்டர் அளவைத் தவறாக எழுதிவிட்டாரா?

இரண்டும் இல்லை. ஆனால் இந்தச் சந்தேகம் மனத்தில் விழுந்துவிட்டால், வீட்டுக்குப் போய் மாத்திரையைப் பாதியாக உடைத்துச் சாப்பிடுகிறவர்கள் இருக்கிறார்கள். செயற்கை வால்வு பொருத்தியவர் அப்படிச் செய்தால் வால்வில் இரத்தம் கட்டி, அது மூளைக்குப் போய்ப் பக்கவாதத்தில் முடியலாம். இதற்கு நேர்மாறான ஆபத்தும் உண்டு. மருந்து தீர்ந்துபோன வாரத்தில், "அவருக்கும் இதே மருந்துதானே" என்று அடுத்த வீட்டாரின் மாத்திரையை வாங்கிப் போட்டுக்கொள்பவருக்கு வயிற்றிலோ மூளையிலோ இரத்தம் கசியலாம். ஆகவே ஒரே மருந்து ஏன் ஆளுக்கோர் அளவில் கொடுக்கப்படுகிறது என்பதைத் தெரிந்து வைத்திருப்பது நல்லது.

முதலில் பெயரைப் பற்றி ஒரு வார்த்தை. "இரத்தத்தை மெலிதாக்கும் மருந்து", "இரத்தம் நீர்க்கும் மாத்திரை" என்றெல்லாம் பேச்சு வழக்கில் சொல்கிறோம். இந்தப் பெயர் நோயாளியைக் குழப்புகிறது. வார்ஃபரின் சாப்பிடுவதால் இரத்தம் தண்ணீர் போல ஆவதில்லை, இரத்தசோகையும் வருவதில்லை. இரத்தம் உறைவதற்கு எடுக்கும் நேரம் மட்டும் நீள்கிறது. "உறைவுத் தடுப்பு மருந்து" என்பதே பொருத்தமான பெயர்.

இதயத் துடிப்பு ஒழுங்கு தப்பியவர்கள், காலிலோ நுரையீரலிலோ இரத்தம் கட்டியவர்கள், உலோக வால்வு பொருத்தியவர்கள் ஆகியோருக்கு இது தரப்படுகிறது. இவர்களில் ஒரு பிரிவினர் தோட்டப்புறத்துக்கு நெருக்கமானவர்கள். சிறு வயதில் தொண்டைப் புண்ணைத் தொடர்ந்து வரும் வாதக் காய்ச்சல் இதய வால்வுகளைக் கெடுத்துவிடும். அது நெருக்கடியான குடியிருப்புகளில் அதிகம் பரவும் நோய். லயத்து வீடுகளில் வளர்ந்த தலைமுறையில் சிலருக்கு அதன் விளைவு நடுவயதுக்குப் பிறகே தெரிய வந்தது.

செம்பனைத் தோட்டத்தில் அறிமுகமான மருந்து

வார்ஃபரின் என்ற பெயரைத் தோட்டத் தொழிலாளர்களில் பழையவர்கள் வேறோர் இடத்தில் கேள்விப்பட்டிருப்பார்கள். செம்பனைக் குலையைக் கடித்துத் தின்னும் எலிகளுக்கு வைக்கப்பட்ட மருந்து அது. "எலி மருந்தையா எனக்குக் கொடுக்கிறீர்கள்?" என்று நோயாளி அதிர்ச்சியடைவதில் நியாயம் இருக்கிறது. கொடுப்பது அதே பொருளைத்தான். வேறுபாடு அளவில் மட்டுமே.

அதன் கதை அமெரிக்காவில் தொடங்குகிறது. 1920களில் அங்கும் கனடாவிலும் பூஞ்சை பிடித்த ஸ்வீட் குளோவர் தீவனத்தைத் தின்ற மாடுகள் சிறு காயத்துக்கே இரத்தம் நிற்காமல் செத்தன. 1933 பிப்ரவரியில் எட் கார்ல்சன் என்ற விவசாயி, செத்துப்போன ஒரு கன்றையும் பால் கேன் ஒன்றில் உறையாத இரத்தத்தையும் ஏற்றிக்கொண்டு பனிப்புயலில் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்துக்கு வந்து சேர்ந்தார். கார்ல் பால் லிங்க் என்ற வேதியியல் பேராசிரியரின் ஆய்வுக்கூடம் பல ஆண்டுகள் உழைத்து, இரத்தத்தை உறைய விடாத பொருளைப் பிரித்தெடுத்தது. அதன் வழியில் உருவாக்கப்பட்டதே வார்ஃபரின். ஆய்வுக்குப் பணம் கொடுத்த விஸ்கான்சின் முன்னாள் மாணவர் ஆராய்ச்சி அறக்கட்டளையின் ஆங்கிலச் சுருக்கமான "வார்ஃப்" என்பதிலிருந்து அந்தப் பெயர் வந்தது. 1948இல் அது எலி மருந்தாக விற்பனைக்கு வந்தது. 1951இல் அமெரிக்கப் படையில் சேர்ந்த ஒருவர் உயிரை மாய்த்துக்கொள்ள அதைத் தின்றும், சிகிச்சையில் முழுமையாகப் பிழைத்துக்கொண்டார். மனிதருக்கும் இதைக் கவனமாகக் கொடுக்கலாம் என்ற எண்ணத்துக்கு அந்தச் சம்பவம் வலுவூட்டியது. 1954இல் மருந்தாக அனுமதி கிடைத்தது. அடுத்த ஆண்டு மாரடைப்பு வந்த அமெரிக்க அதிபர் ஐசனோவருக்கே அது கொடுக்கப்பட்டது.

மரபணுக் கதையிலும் எலிக்கு முக்கியமான பங்கு உண்டு. 1950களின் இறுதியில் ஸ்காட்லாந்தில் வார்ஃபரினுக்குச் சாகாத எலிகள் காணப்பட்டன. மலேசியச் செம்பனைத் தோட்டங்களிலும் 1980களில் அப்படிப்பட்ட எலிகள் பெருகின. தோட்டங்களில் கம்பம் நட்டு, பெட்டி வைத்து, கூகை வளர்க்கும் வழக்கம் பரவியதற்கு இதுவும் ஒரு காரணம். எலி ஏன் சாகவில்லை என்று தேடிய விஞ்ஞானிகள் 2004இல் ஒரு மரபணுவைக் கண்டுபிடித்தார்கள். விகேஓஆர்சி1 என்பது அதன் பெயர். எதிர்ப்புச் சக்தி பெற்ற எலிகளிலும், எவ்வளவு வார்ஃபரின் கொடுத்தும் பலன் காணாத சில மனிதரிலும் அதே மரபணுவில்தான் மாற்றம் இருந்தது. மஸ்ஜித் தானாவில் இருவருக்கு இரண்டு அளவு கொடுக்கப்படுவதற்கும் பெரும்பாலும் அந்த மரபணுவே காரணம்.

வாளி கழுவும் ஆட்கள்

இரத்தம் உறைவதற்கான சில புரதங்களைக் கல்லீரல் தயாரிக்கிறது. அதற்கு வைட்டமின் கே வேண்டும். இதைப் பால் வாளி போல நினைத்துக்கொள்ளலாம். பாலைக் கொண்டுபோய் ஊற்றிய வாளியைக் கழுவிக் கொடுத்தால்தான் மறுபடியும் பாலெடுக்க முடியும். அதுபோல ஒரு முறை பயன்பட்ட வைட்டமின் கே-யைப் புதுப்பித்துத் தரும் நொதி ஒன்று இருக்கிறது. விகேஓஆர்சி1 மரபணு உருவாக்குவது அந்த நொதியைத்தான். வார்ஃபரின் அதன் கையைக் கட்டிப்போடுகிறது. கழுவிய வாளி குறைந்தால் உறைவுப் புரதமும் குறையும்.

இந்த மரபணுவின் ஒரு புள்ளியில் சிலருக்கு "ஜி" வடிவமும் சிலருக்கு "ஏ" வடிவமும் இருக்கும். தாயிடமிருந்து ஒன்று, தகப்பனிடமிருந்து ஒன்று என்று ஒவ்வொருவரிடமும் இரண்டு பிரதிகள் உண்டு. "ஏ" வடிவத்தில் வாளி கழுவும் ஆட்கள் குறைவு. அவர்களைக் கட்டிப்போடக் கொஞ்சம் மருந்தே போதும். "ஜி" வடிவத்தில் ஆட்கள் அதிகம். அதனால் மருந்தும் அதிகம் வேண்டும்.

இரண்டாவது மரபணு சிஒய்பி2சி9. இது வேறு வேலை செய்கிறது. சாப்பிட்ட வார்ஃபரினைக் கல்லீரலில் சிதைத்து வெளியேற்றுவது அதன் நொதி. சிலருக்கு இந்த மரபணுவின் இரண்டாம் அல்லது மூன்றாம் வடிவம் வாய்த்திருக்கும். அவர்களுக்கு மருந்து மெதுவாகவே வெளியேறும். அடைபட்ட கால்வாயில் தண்ணீர் தேங்குவது போல, வழக்கமான அளவே நாளடைவில் உடம்பில் சேர்ந்து மிகையாகிவிடும்.

நம் வட்டாரத்து ஆய்வுகள் சொல்வது

கோலாலம்பூரில் மலாயாப் பல்கலைக்கழக மருத்துவர்கள் 2003இல் வெளியிட்ட ஆய்வில், மலாய்க்காரர், சீனர் ஆகியோரைவிட இந்திய நோயாளிகளுக்கு அதிக வார்ஃபரின் தேவைப்படுவது தெரிந்தது. அப்போது காரணம் தெளிவாகவில்லை. 2006இல் சிங்கப்பூர் ஆய்வாளர்கள் அதை விகேஓஆர்சி1 மரபணுவில் கண்டார்கள். குறைந்த மருந்து போதும் என்ற வகை சீனரிடையே பத்தில் ஒன்பது என்ற அளவுக்கு நெருக்கமாகவும், மலாய்க்காரரிடையே பாதிக்கு மேலும், இந்தியரிடையே பத்தில் ஒன்று என்ற அளவை ஒட்டியும் காணப்பட்டது. 2011இல் மலாயாப் பல்கலைக்கழகக் குழுவும் மலேசிய நோயாளிகளிடம் இந்த இரண்டு மரபணுக்களையும் ஆராய்ந்து, இனங்களுக்கிடையிலான அளவு வேறுபாட்டில் அவற்றுக்குப் பங்கிருப்பதைப் பதிவு செய்தது.

ஆக, தமிழருக்கு ஆறும் சீனப் பெரியவருக்கு இரண்டும் எழுதப்பட்டிருந்தால் அதில் வியப்பில்லை. ஆனால் பல செய்திகள் இந்த இடத்தோடு நின்றுவிடுகின்றன. "இந்தியர் என்றால் அதிக டோஸ்" என்று மனத்தில் பதித்துக்கொள்வது, பக்கத்து வீட்டு மாத்திரையை வாங்கிப் போடுவதைப் போலவே ஆபத்தானது.

இரண்டாவது மரபணுதான் காரணம். புதுச்சேரி ஜிப்மர் மருத்துவக் கல்வி நிறுவனம் தென்னிந்திய மக்களிடம் செய்த ஆய்வு 2005இல் வெளிவந்தது. மருந்தை மெதுவாக வெளியேற்றும் மூன்றாம் வடிவம் தென்னிந்தியரில் ஏறக்குறைய ஆறேழு பேரில் ஒருவரிடம் இருக்கிறது. கிழக்காசியரைவிட இது கூடுதல். இரண்டாம் வடிவமோ சீனரிடம் அநேகமாக இல்லை, நம்மிடம் கொஞ்சம் உண்டு. அதாவது ஒரு மரபணு தமிழரின் தேவையைக் கூட்டுகிறது, இன்னொன்று சிலரின் தேவையைக் குறைக்கிறது. ஒரே குடும்பத்தில் அண்ணனுக்கு ஏழு மில்லிகிராமும் தம்பிக்கு மூன்று மில்லிகிராமும் தேவைப்படலாம்.

அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2010இல் வார்ஃபரின் குறிப்பேட்டில் சேர்த்த அட்டவணை இதைத் தெளிவாகக் காட்டுகிறது. விகேஓஆர்சி1 இரு பிரதிகளும் "ஜி"யாக இருந்து, மற்ற மரபணுவும் இயல்பாக இருந்தால், எதிர்பார்க்கும் அளவு நாளுக்கு 5 முதல் 7 மில்லிகிராம். அதே ஆளுக்கு மூன்றாம் வடிவம் ஒரு பிரதியில் இருந்தால் 3 முதல் 4 ஆகிறது. இரு பிரதிகளிலும் இருந்தால் 0.5 முதல் 2 வரை மட்டுமே. அப்படிப்பட்ட தமிழர் ஒருவருக்கு ஆறு மில்லிகிராம் தொடர்ந்து கொடுத்தால் என்ன ஆகும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. இவர்களுக்கு மருந்தின் முழு விளைவு தெரியவும் கூடுதல் நாள் பிடிக்கும். முதல் வாரச் சோதனை நன்றாக இருந்தது என்று நம்பி இரண்டாம், மூன்றாம் வாரச் சோதனைக்குப் போகாமல் இருப்பது அதனால்தான் ஆபத்து.

அட்டையில் உள்ள இனமும் உடம்பில் உள்ள மரபணுவும்

பதிவு அட்டையில் "இந்தியர்" என்று இருந்தால் மரபணுவும் இந்தியத் துணைக்கண்டத்திலிருந்து வந்தது என்று சொல்லிவிட முடியாது. மலாக்காவில் இது எல்லாருக்கும் தெரிந்த விஷயம். கஜா பெராங் பகுதியின் மலாக்கா செட்டிகள், சுல்தான்கள் காலத்தில் வந்த தமிழ் வணிகர்கள் உள்ளூர்ப் பெண்களை மணந்து உருவான சமூகம். கும்பிடுவது மாரியம்மனை, வீட்டில் பேசுவது மலாய். அவர்களின் மரபணுவில் இரு பக்கமும் கலந்திருப்பது இயற்கை.

அதைவிடப் பரவலான இன்னொன்று, நம் குடும்பங்களில் வளர்ந்த சீனப் பிள்ளைகள். சென்ற தலைமுறையில் தோட்டத்திலும் பட்டணத்திலும் தமிழ்க் குடும்பங்கள் சீனப் பெண் குழந்தைகளை எடுத்து வளர்த்தன. அந்தப் பிள்ளைகள் இன்று பாட்டிகளாகிவிட்டார்கள். பெயர் லெட்சுமி, பேச்சு தமிழ், கட்டுவது சேலை. ஆனால் வார்ஃபரினைப் பொறுத்தவரை அவர்களின் உடம்பு சீனரின் உடம்பு போலவே நடந்துகொள்ளக்கூடும். அவர்களின் பிள்ளைகளுக்கு "ஏ" ஒன்றும் "ஜி" ஒன்றுமாகக் கலந்திருக்கலாம். சில குடும்பங்களில் இதை வெளியே பேசத் தயங்குவார்கள். டாக்டரிடமும் மருந்தாளரிடமும் மட்டுமாவது தயங்காமல் சொல்லிவிட வேண்டும். முதல் வார அளவைத் தீர்மானிப்பதில் அந்த ஒரு வரித் தகவல் உதவக்கூடும்.

அப்படியானால் மரபணுச் சோதனை செய்துவிடலாமா?

செய்யலாம். கட்டாயமில்லை. ஆய்வு முடிவுகளே ஒன்றுபடவில்லை. 2013இல் ஒரே நாளில் வெளியான இரண்டு பெரிய ஆய்வுகளில், ஐரோப்பிய ஆய்வு மரபணுவைப் பார்த்து மருந்து கொடுப்பது நல்லது என்றது. அமெரிக்க ஆய்வு பெரிய பயன் இல்லை என்றதோடு, கறுப்பின நோயாளிகளிடம் முடிவு சற்று மோசமாக இருந்ததையும் காட்டியது. பிற இனத்தாரை வைத்து எழுதிய கணக்கு அவர்களுக்குச் சரியாகப் பொருந்தவில்லை. 2017இல் இடுப்பு, முழங்கால் அறுவைச் சிகிச்சை செய்துகொண்ட முதியவர்களிடம் நடந்த ஆய்வில் மரபணுச் சோதனை பலன் கொடுத்தது. நமக்கு மிக நெருக்கமானது 2018இல் வெளியான தென்கிழக்காசிய ஆய்வு. மூன்று மருத்துவமனைகளில் சீன, மலாய், இந்திய நோயாளிகள் 300க்கும் மேற்பட்டோர் அதில் இருந்தனர். மரபணுவைப் பார்த்துத் தொடங்கியவர்களுக்கு அடிக்கடி அளவை மாற்றும் தேவை குறைந்தது. ஆனால் இரத்தம் சரியான எல்லைக்குள் இருந்த காலத்தில் பெரிய வேறுபாடு இல்லை.

கறுப்பின நோயாளிகளுக்கு நேர்ந்தது நமக்கும் நேரலாம். ஜிப்மர் குழு தென்னிந்தியருக்கென்றே ஒரு கணக்கை உருவாக்கி 2014இல் வெளியிட்டது. இத்தகைய ஆய்வுகளில் தமிழர்கள் இடம்பெறுவது எவ்வளவு முக்கியம் என்பதற்கு வேறு சான்று வேண்டாம்.

நம் அரசு மருத்துவமனைகளில் வார்ஃபரின் தொடங்கும் எல்லாருக்கும் இந்தச் சோதனை வழக்கமாகச் செய்யப்படுவதில்லை. ஐஎன்ஆர் என்ற இரத்தச் சோதனையை வைத்தே அளவு நிர்ணயிக்கப்படுகிறது. பெரும்பாலோருக்கு 2க்கும் 3க்கும் இடையில் இருக்க வேண்டும். உலோக வால்வில் சில வகைக்கு எல்லை 2.5 முதல் 3.5 வரை உயரும். மரபணு, வயது, உணவு, மற்ற மருந்து எல்லாம் சேர்ந்து என்ன செய்தன என்பதை ஐஎன்ஆர் நேரடியாகக் காட்டிவிடுகிறது. மரபணுச் சோதனை செய்தவருக்கும் ஐஎன்ஆர் இல்லாமல் முடியாது. மஸ்ஜித் தானாவிலிருந்து மலாக்கா மருத்துவமனைக்குச் சுமார் 30 கிலோமீட்டர். ஒரு நாள் சம்பளம் போகும் என்று தேதியைத் தள்ளிப்போடுகிறவர்கள், அலோர் காஜாவிலோ அருகிலுள்ள கிளினிக்கிலோ இந்தச் சோதனையைச் செய்துகொள்ள வழி உண்டா என்று மருந்தாளரிடம் கேட்டுப் பார்ப்பது நல்லது.

புரட்டாசி, மாசிமகம், மினியாக்

மரபணு பிறவியிலேயே வந்தது, மாறாது. ஐஎன்ஆர் ஏறி இறங்குவதற்கு அன்றாடக் காரணங்களே அதிகம். அவற்றில் சில நம் பண்பாட்டோடு ஒட்டியவை.

புரட்டாசி மாதம் வந்தால் பல வீடுகளில் சைவம். முருங்கைக்கீரை, பசலை, சாவி, வல்லாரை என்று தட்டில் கீரை கூடும். கீரையில் வைட்டமின் கே அதிகம். திடீரென்று கூடினால் மருந்தின் பிடி தளரும். தைப்பூசத்துக்கு முன்பான 48 நாள் விரதமும் அப்படித்தான். ஒரு வேளை உணவு, உபவாசம் என்று சாப்பாடு திடீரென்று குறைந்தால் நேர்மாறாக ஐஎன்ஆர் ஏறும். கீரையை விலக்க வேண்டும் என்பது இதற்குப் பொருளன்று. வாரத்துக்கு வாரம் ஒரே அளவில் சாப்பிட்டு வந்தால் மருந்தை அதற்கேற்ப அமைத்துவிடலாம். விரதம் தொடங்கும் முன்பே மருந்தாளரிடம் சொன்னால் சோதனைத் தேதியை முன்னே நகர்த்திக் கொடுப்பார்கள்.

மாசிமகத்துக்குச் செங் சன்னாசிமலைக்குக் காவடி நேர்ந்திருப்பவர்கள் கவனிக்க வேண்டியது அலகு. வார்ஃபரின் சாப்பிடுகிறவர் நாக்கிலும் கன்னத்திலும் குத்திக்கொள்வது உண்மையான ஆபத்து. நேர்த்திக்கடனுக்காக நாலு நாள் மருந்தை நிறுத்துவது, வால்வு நோயாளிக்கு அதைவிடப் பெரிய ஆபத்து. பால்குடம் எடுத்தாலும் நேர்த்திக்கடன் நேர்த்திக்கடன்தான்.

வலி மாத்திரைகளில் போன்ஸ்தான், டைக்ளோஃபெனாக் போன்றவை வயிற்றில் இரத்தக் கசிவை உண்டாக்கும். பாராசிட்டமால் ஓரளவு பாதுகாப்பானது, அதுவும் நாள் கணக்கில் தொடர்ந்தால் ஐஎன்ஆரைக் கூட்டும். சில நோய்க்கிருமிக் கொல்லிகளும் பூஞ்சை மருந்துகளும் வார்ஃபரினின் வெளியேற்றத்தைத் தடுக்கும். மூட்டு வலிக்குத் தேய்க்கும் மினியாக்குகளில் பலவற்றில் மெத்தில் சாலிசிலேட் உண்டு. அது தோல் வழியாக உள்ளே போய் ஐஎன்ஆரை ஏற்றிய நிகழ்வுகள் மருத்துவ ஏடுகளில் பதிவாகியிருக்கின்றன. ஜாமு, சின்சே மருந்து, நாட்டு லேகியம் எதுவானாலும் பொட்டலத்தையே கொண்டுபோய்க் காட்டுவது மேல்.

புதிய மருந்துகள் இருக்கின்றனவே என்று சிலர் கேட்பதுண்டு. டபிகட்ரான், ரிவரொக்சபான், அபிக்சபான் ஆகியவற்றுக்கு ஐஎன்ஆர் சோதனை தேவையில்லை, மேலே சொன்ன மரபணுக்களின் தொல்லையும் இல்லை. ஆனால் உலோக வால்வு பொருத்தியவருக்கு அவை ஆகாது. டபிகட்ரானை அவர்களிடம் சோதித்த ஆய்வு பாதியிலேயே நிறுத்தப்பட்டது. வாதக் காய்ச்சலால் வால்வு கெட்டு இதயத் துடிப்பும் தவறியவர்களிடம், வார்ஃபரின் வகை மருந்துகளே ரிவரொக்சபானைவிட மேல் என்று 2022இல் வெளியான ஆய்வு காட்டியது. இப்படிப்பட்டவர்களுக்குப் பழைய எலி மருந்தே இன்னும் துணை.

மாரடைப்புக்குப் பிறகு ஸ்டென்ட் வைத்தவர்களுக்குத் தரும் குளோபிடோக்ரல் வேறு வகை மருந்து. அதற்கும் ஒரு மரபணு, சிஒய்பி2சி19, உண்டு. அதன் செயலற்ற வடிவம் தெற்காசியரிடம் பரவலாக இருக்கிறது. இரண்டு பிரதிகளும் அப்படி இருந்தால் மருந்து உடம்பில் போதிய அளவு வேலைக்கு மாறாது. அதைப் பற்றி இதய மருத்துவரிடம் தனியே கேட்க வேண்டும்.

வார்ஃபரின் சாப்பிடுகிறவர் கருப்பு நிறத்தில் மலம் போனாலோ, மூக்கில் இரத்தம் பத்து நிமிடத்துக்கு மேல் நிற்காவிட்டாலோ, சிறுநீர் சிவந்தாலோ, தலையில் அடிபட்டாலோ அடுத்த சோதனைத் தேதி வரை காத்திருக்காமல் அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும். குழந்தை பெறும் வயதுள்ள பெண்கள் கருத்தரிக்கத் திட்டமிடும்போதே டாக்டரிடம் பேச வேண்டும், வார்ஃபரின் கருவைப் பாதிக்கும். மாத்திரையின் நிறத்தை மட்டும் நம்பக் கூடாது. கம்பெனி மாறினால் நிறமும் மாறக்கூடும், உறையில் எழுதிய மில்லிகிராமே கணக்கு. ஒரு வேளை மறந்துவிட்டால், அன்றே நினைவு வந்தால் சாப்பிடலாம். மறுநாள்தான் நினைவு வந்ததென்றால் தவறியதை விட்டுவிட்டு, வழக்கமான அளவை வழக்கமான நேரத்தில் சாப்பிட்டு, தவறிய தேதியைக் கையேட்டில் குறித்து வைக்க வேண்டும். இரண்டு நாள் மருந்தைச் சேர்த்துச் சாப்பிடக் கூடாது.